இரட்டை வெட்டு

இந்துமாக்கடல் தீவுகள் – மொரீஷியஸ்: பகுதி 3

1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்து, அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் புதுச்சேரி ஆளுநர் தூப்ளேயோடு மல்லுக்கு நின்று, கடைசியில் பாரிஸின் பஸ்தீல் சிறையில் போய் உட்கார்ந்த மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனேயைச் சென்ற பகுதியில் பார்த்தோம். போர்ட் லூயித் துறைமுகம் அவர் கட்டியது. தீவின் தென்கிழக்கே டச்சுக்காரர்கள் பயன்படுத்திவந்த நல்ல குடா ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டுத் தலைநகரம் ஏன் வடமேற்கு மூலைக்குப் போனது என்பதைச் சொல்ல அங்கே இடம் போதவில்லை. அதற்குக் காரணம் காற்று.

மொரீஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்றுதான். தென்கிழக்குக் குடாவுக்குள் பாய்க்கப்பல் சுலபமாக நுழைந்துவிடும்; வெளியே வருவதுதான் பெரும்பாடு. எதிர்காற்றும் பவளப்பாறைகளும் சேர்ந்து நாள்கணக்கில் கட்டிப்போட்டுவிடும். வடமேற்கில் கதை வேறு. மோக்கா மலைத்தொடர் காற்றை மறித்து நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் போர்ட் லூயியிலிருந்து நினைத்த நேரத்தில் பாய் விரித்துப் புறப்படலாம். 1810 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை அந்தத் தென்கிழக்குக் குடாவில் மாட்டிக்கொண்டு, ஒரே சண்டையில் நான்கு போர்க்கப்பல்களை இழந்தது. பாரிஸ் வெற்றி வளைவில் பெயர் பொறிக்கப்பட்ட நெப்போலியன் காலக் கடல் வெற்றி அது ஒன்றுதான். ஆனால் வெற்றி நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. பிரிட்டிஷார் வடமுனையில் இறங்கி, டிசம்பர் தொடக்கத்தில் தீவைக் கைப்பற்றிவிட்டார்கள். வந்து இறங்கிய படையில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

மழையைப் பங்கு போடுவதும் இதே காற்றுதான். தீவு சிறியது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. நடுவில் 300 முதல் 600 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம். மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். அந்த மேட்டில் மோதும் ஈரக்காற்று அங்கே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை கொட்டிவிடும். மேற்குக் கரைக்கு எஞ்சுவது 1,000க்கும் குறைவு. மேட்டிலுள்ள க்யூர்பிப் நகரில் குடையில்லாமல் வெளியே கால் வைக்க முடியாத நாளில், மேற்கே தமாரின் உப்பளங்களில் உப்பு காய்ந்துகொண்டிருக்கும். குற்றாலச் சாரலையும் தூத்துக்குடி உப்பளத்தையும் ஒரு சிறு பேருந்துப் பயணத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தது போன்ற அமைப்பு.

இத்தோடு நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல். பிரெஞ்சுக்காரர்கள் காப்பி, பருத்தி, அவுரி என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். பியேர் புவாவ்ர் என்ற நிர்வாகி, டச்சுக்காரர்கள் கண்ணுக்குள் வைத்துக் காத்த மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைக் கடத்திவரச் செய்து, 1770இல் பாம்பிள்மூஸ் தோட்டத்தில் வளர்க்கத் தொடங்கினார். துணிச்சலான காரியம்தான். ஆனால் மரப்பயிர் என்றால் ஒரு புயலில் பத்தாண்டு உழைப்பு போய்விடும். கரும்பு அப்படியில்லை. சாயும், அந்த ஆண்டு சாறு குறையும். வேர் மட்டும் அசையாது. அடுத்த ஆண்டு மறுதாம்பு துளிர்த்துவிடும். 1639இல் ஜாவாவிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுவந்து, பெரும்பாலும் சாராயம் காய்ச்சவே பயன்படுத்திய பயிர் இது. பின்னால் தீவு முழுவதையும் அது பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் புயல். இரண்டாவது காரணம் லண்டனில் இருந்தது.

மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குக் கிடைத்துவந்த சலுகைத் தீர்வையை 1825இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மொரீஷியஸுக்கும் நீட்டியது. அந்த ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது. ஆட்சி பிரிட்டிஷாருடையது, ஆனால் சரணாகதி ஒப்பந்தப்படி பிரெஞ்சுச் சட்டமும் மதமும் சொத்துரிமையும் அப்படியே நீடித்தன. நிலமும் ஆலையும் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களின் கையில். அவர்கள் காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள். காடு போன இடத்தில் வெறும் மண் கிடைக்கவில்லை. எரிமலை கக்கிய பாறைத்துண்டுகள் நிலம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கையால் பொறுக்கி, தலையில் சுமந்து, ஓரிடத்தில் குவித்த பிறகுதான் குழி வெட்டிக் கரணை நட முடியும். அப்படிக் குவித்த கல்மேடுகள் இன்றும் கரும்பு வயல்களின் நடுவே ஆளுயரத்துக்கு மேலாக நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைக் கோயில் இடிபாடு என்று நினைத்துப் படம் எடுப்பதுண்டு.

முதலில் கல் பொறுக்கியவர்கள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை வியாபாரம் 1807இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. மொரீஷியஸின் ஒதுக்குப்புறக் கடற்கரைகளில் அது 1820கள் வரை திருட்டுத்தனமாக நடந்தது. அதிகாரிகளுக்குத் தெரியாமல் நடந்தது என்று நம்புவது கஷ்டம். 1832இல் ஜான் ஜெரிமி என்ற சட்ட அதிகாரியை லண்டன் அனுப்பியது. அடிமைமுறையின் எதிரி என்று பெயரெடுத்தவர். தோட்ட முதலாளிகள் ஊரையே அடைத்துக் கடைகளை மூடினார்கள். ஆளுநர் பயந்துபோய், வந்தவரை வந்த வழியே கப்பலேற்றிவிட்டார். மறு ஆண்டுதான் படையோடு அவர் திரும்ப முடிந்தது. முதலாளிகளுக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் அட்ரியன் தெப்பினே, அதே 1832இல் ‘லெ செர்னெயென்’ என்ற பத்திரிகையையும் தொடங்கினார். அடிமைகளை விடுவிப்பதானால் இழப்பீடு தர வேண்டும் என்று லண்டன் வரை போய் வாதாடியவர் அவர்.

வாதம் பலித்தது. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி மொரீஷியஸில் அடிமைமுறை ஒழிந்தது. முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு. அடிமைகளாக இருந்த சுமார் 66,000 பேருக்குக் காசும் இல்லை, காணியும் இல்லை. பழைய எஜமானரிடமே ‘தொழில் பயிலுநர்’ என்ற பெயரில் இன்னும் ஆறாண்டு இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. 1839இல் அந்தக் கெடுவும் முன்கூட்டியே முடிந்தது. அன்றிலிருந்து அவர்கள் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். கடற்கரைக்குப் போய் மீன் பிடித்தார்கள், மலைச்சரிவில் சிறு துண்டு நிலத்தில் காய்கறி போட்டார்கள், போர்ட் லூயியில் கைத்தொழில் செய்தார்கள். சவுக்கடி வாங்கிய வயலுக்குக் கூலிக்காகக்கூடத் திரும்ப மறுத்தார்கள்.

தமிழில் மொரீஷியஸ் பற்றி எழுதுகிற நாம் இந்த மக்களை ஒரு வரியில் கடந்து நேராகக் கூலிக்கப்பலுக்கு வந்துவிடுகிறோம். நம் சொந்தக் கதை அங்கே தொடங்குவதால் அப்படி. ஆனால் கிரியோல் எனப்படும் இந்த மக்கள் வெளியேறியதுதான் கூலிக்கப்பல்களைப் பெருக்கியது. அவர்கள் வெளியேறிய அந்தத் தருணத்தில் நிலம் பெரிய அளவில் அவர்கள் கைக்கு வரவில்லை. அந்த இழப்பை அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் சுமந்தார்கள்.

முதலாளிகள் விடுதலை நாளுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே, 1834 நவம்பர் 2ஆம் தேதி ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. சோட்டா நாக்பூர் மலைப்பகுதி மக்கள் அவர்கள். ஆண்களுக்கு மாதம் ஐந்து ரூபாய் சம்பளம், ஐந்தாண்டு ஒப்பந்தம், நாளுக்கு இரண்டு ராத்தல் அரிசி, கொஞ்சம் பருப்பு, உப்பு, எண்ணெய். அடிமைக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலியை வைத்துச் சர்க்கரை உற்பத்தி செய்ய முடியுமா என்று பிரிட்டிஷ் அரசு நடத்திப் பார்த்த பரிசோதனை இது. இங்கே வெற்றி பெற்ற பிறகுதான் ட்ரினிடாட், கயானா, நேட்டால், ஃபிஜி என்று அது பரவியது. அட்டூழியங்கள் வெளியே தெரிந்து 1830களின் இறுதியில் இந்திய அரசு ஆளனுப்புவதை நிறுத்திவைத்தது. முதலாளிகள் விடவில்லை. தடை நீங்கியதும் 1843இல் ஒரே ஆண்டில் 30,000 பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள்.

தமிழருக்குத் தீவு புதியதல்ல. லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் துறைமுக வேலைக்கு வந்திருந்தார்கள். போர்ட் லூயியின் கிழக்கோரத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்தார்கள். தமிழரை அன்றைய ஐரோப்பியர் அழைத்தது அப்படித்தான். ஒப்பந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பீகார் பக்கத்து போஜ்புரிக்காரர்கள்தான் அதிகம். 1910 வரை வந்தவர்கள் எல்லோருமாக நாலரை லட்சம் பேர். இன்று ஆப்பிரவாசி காட் என்று அழைக்கப்படும் குடியேற்றக் கிடங்கு 1849இல் போர்ட் லூயிக் கரையில் கட்டப்பட்டது. வந்தவர்கள் பதினாறு படிகள் ஏறி உள்ளே போய், பெயரும் எண்ணும் பதியப்பட்டு, ஓரிரு நாளில் தோட்டங்களுக்குப் பிரிந்துபோனார்கள். யுனெஸ்கோ 2006இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இனி தலைப்புக்கு வருவோம். 1847இல் வந்த ஒரு சட்டம், வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளத் தோட்டக்காரருக்கு உரிமை கொடுத்தது. இதற்கு இரட்டை வெட்டு என்று பெயர். மாதம் ஐந்து ரூபாய் என்றால் 80 அணா. 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்று அணா சொச்சம். காய்ச்சலில் ஐந்து நாள் படுத்தவன் பத்து நாள் கூலியை, அதாவது 30 அணாவுக்கு மேல் இழப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக்கொட்டிலையும் தோட்டத்து முற்றத்தையும் சம்பளமில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு வராவிட்டாலும் வெட்டு விழும். மீதிச் சம்பளமும் மாதாமாதம் வராது. பல தோட்டங்களில் மாதக்கணக்கில் நிலுவை வைப்பது சாதாரணம். ஊர் திரும்பத் துடிக்கும் ஆளைக் கட்டிவைக்கச் சங்கிலியை விட நிலுவை மலிவானது. இரட்டை வெட்டால், வேலை குறைந்த மாதங்களில் சில முதலாளிகளுக்கு ஆள் வராமல் போவதே லாபமாகவும் இருந்தது.

இந்தக் கணக்கின் மேல்தான் பெரும் செல்வம் கட்டப்பட்டது. 1850களில் ஆண்டு உற்பத்தி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. பிரிட்டிஷ் பேரரசின் சர்க்கரைக் குடியேற்றங்களில் மொரீஷியஸ் முதல் வரிசைக்கு வந்தது. மக்கள்தொகையும் தலைகீழானது. 1861 கணக்கெடுப்பில் தீவில் இருந்த சுமார் 3,10,000 பேரில் 1,90,000க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். சுமார் கால் நூற்றாண்டில் ஒரு தீவு இப்படி ஆள் மாறியதற்கு உலகில் அதிக உதாரணங்கள் இல்லை.

அடுத்து வந்தது 1867. தீவின் நினைவில் அழியாத ஆண்டு. அதற்கு ஓரிரு ஆண்டு முன்பு தலைகாட்டிய மலேரியா அந்த ஆண்டில் பெருந்தீயாகப் பரவியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; ஏறத்தாழ பத்துக்கு ஒருவர். நோயைச் சுமக்கும் கொசு அதற்கு முன் தீவில் கிடையாது. ஏதோ கப்பலில் வந்திருக்க வேண்டும். அன்று யாருக்கும் கொசுவின் மேல் சந்தேகம் வரவில்லை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைச் செகந்தராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ் மொரீஷியஸுக்கு வந்து ஆராய்ந்தது நாற்பது ஆண்டுகள் கழித்து. ஆனால் மேட்டுக்குப் போனால் காய்ச்சல் குறைவு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. 1864இல்தான் ரயில் வந்திருந்தது. வசதியுள்ளவர்கள் போர்ட் லூயி வீடுகளைப் பூட்டிக்கொண்டு க்யூர்பிப் பக்கம் குடியேறி, ரயிலில் தினமும் இறங்கிவந்து அலுவலகம் பார்த்தார்கள். இரண்டு நூற்றாண்டாக யாரும் விரும்பாத அந்த மழைக்காடு பணக்காரர் முகவரியானது. வெயிலும் காய்ச்சலும் கீழே இருந்தவர்களுக்கு.

அதே ஆண்டில் கூலிகளுக்கு இன்னொரு காய்ச்சலும் வந்தது. ஒப்பந்தம் முடித்தவர்களைப் ‘பழைய குடியேறிகள்’ என்பார்கள். மறு ஒப்பந்தம் போடாமல் காய்கறி விற்றோ மாடு வளர்த்தோ பிழைத்தவர்கள் இவர்கள். புகைப்படம் ஒட்டிய சீட்டையும், தன் மாவட்டத்தைக் குறிக்கும் போலீஸ் அனுமதியையும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867 சட்டம் அவர்களுக்குச் சொன்னது. இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்துச் சிறையில் போடுவார்கள். சீட்டு தொலைந்தால் புதிதாக எடுக்கக் கட்டணம். பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர்கூடக் கைதி. நோக்கம் வெளிப்படையானது. வெளியே பிழைப்பதை நரகமாக்கினால் திரும்பத் தோட்டத்துக்கே வருவார்கள். கொடுமைக்குள் ஒரு விசித்திரம்: அன்று பிடித்த அந்தப் புகைப்படங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் முகத்தைத் தேடி வருகிறவர்களுக்கு இன்று அதைவிட்டால் வேறு கதியில்லை.

மாமனாரின் தோட்டத்தை நிர்வகித்துவந்த அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் இதைச் சகிக்கவில்லை. 1871இல் பழைய குடியேறிகளின் குறைகளை எழுதி, 9,401 பேரிடம் கையொப்பம் வாங்கி ஆளுநர் ஆர்தர் கார்டனிடம் கொடுத்தார். அதற்காகப் போர்ட் லூயித் தெருவில் அடி வாங்கினார். அவரை நாடு கடத்த வேண்டும் என்று முதலாளிகள் மறு மனுக் கொடுத்தார்கள். கார்டன் அசையவில்லை. 1872இல் அரச ஆணைக்குழு வந்தது. 1875இல் கனத்த அறிக்கை வெளியானது. 1878இல் புதிய தொழிலாளர் சட்டம். பள்ளிப் பாடங்களில் இதைத்தான் திருப்புமுனை என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிளெவிட்ஸின் துணிவுக்குக் குறைவில்லை. நாடோடிப் பிடிப்பும் ஓரளவு தணிந்தது. ஆனால் இரட்டை வெட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சட்டப் புத்தகத்தில் உயிரோடுதான் இருந்தது.

உண்மையில் தோட்டங்களின் பிடியைத் தளர்த்தியது ஐரோப்பாவில் விளைந்த பீட்ரூட். ஜெர்மனியும் பிரான்ஸும் பீட்ரூட் சர்க்கரையை மானியத்தோடு சந்தையில் கொட்டக் கொட்ட, கரும்புச் சர்க்கரையின் விலை 1880களில் பள்ளத்தில் விழுந்தது. 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் போர்ட் லூயியின் கப்பல் போக்குவரத்தையும் பறித்துக்கொண்டது. லண்டன் சந்தை கைவிரித்ததால் சர்க்கரை பம்பாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. அரிசி இந்தியாவிலிருந்து வந்தது. 1870களிலேயே தீவின் நாணயம் ரூபாயாக மாறியிருந்தது; இந்தியாவோடு நடந்த வியாபாரம் அதற்கு ஒரு காரணம்.

கடனில் மூழ்கிய முதலாளிகள் கையில் பணம் பார்க்க ஒரே வழி, தோட்டத்தின் ஓரங்களை வெட்டி விற்பது. கல் நிறைந்த சரிவு, ஆலைக்குத் தூரமான மூலை, தண்ணீர் நிற்காத மேடு எல்லாம் துண்டு துண்டாக விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் இந்தியர்கள். முதலில் சர்தார்கள் என்ற மேஸ்திரிகளும் ஆள்பிடிக்கும் ஒப்பந்தக்காரர்களும் கடைக்காரர்களும். பிறகு மாடு விற்ற பணத்தையும் பெண்களின் நகையையும் முன்பணமாக வைத்துத் தவணையில் வாங்கிய சாதாரணக் கூலிகள். தாத்தா பொறுக்கிய கல்லைப் பேரன் தன் சொந்த நிலத்தில் மறுபடி பொறுக்கினான். 1910 வாக்கில் கரும்பு நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தியச் சிறு விவசாயிகள் பயிர் செய்தார்கள். கருணையாலோ ஆணைக்குழுவாலோ வந்த நிலம் அது என்று சொல்ல என்னால் முடியவில்லை. விற்றவருக்கு வேறு வழியில்லை. வாங்கியவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்திருந்தார். கிரியோல் மக்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிய 1839 வாக்கில் சர்க்கரை விலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அன்று இப்படிப் பெரிய அளவில் நிலத்தை விற்க முதலாளிகளுக்கு அவசியம் இருக்கவில்லை.

1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் காந்தி ஏறத்தாழ மூன்று வாரம் மொரீஷியஸில் தங்கினார். அவர் சொல்லி 1907இல் வந்த மணிலால் டாக்டர் என்ற வழக்கறிஞர், கூலிகளுக்காக நீதிமன்றம் ஏறினார். 1909இல் வந்த இன்னோர் அரச ஆணைக்குழு கூலி இறக்குமதியை நிறுத்தச் சொன்னது. அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

ஆனால் வயல் கைமாறினாலும் ஆலை பெரும்பாலும் கைமாறவில்லை. வெட்டிய கரும்பை ஒரு நாள் இரண்டு நாளுக்குள் பிழிந்தாக வேண்டும். சிறு விவசாயிக்குப் பக்கத்து ஆலையை விட்டால் போக்கில்லை. எடை போடுவதும் விலை சொல்வதும் ஆலைக்காரர். கல்லுமேட்டிலும் நன்றாக வளரும் என்று சிறு விவசாயிகள் விரும்பிப் போட்ட ‘ஊபா’ ரகக் கரும்பில் சர்க்கரைச் சத்து குறைவு என்று சொல்லி, 1937இல் ஆலைகள் விலையில் 15 சதவீதத்தைக் குறைத்தன. ஆகஸ்டில் கிழக்கு மாவட்டத்து யூனியன் ஃப்ளாக் தோட்டத்துக்கு ஊர்வலமாகப் போனவர்கள் மேல் தோட்டத்து ஆட்கள் சுட்டார்கள். நால்வர் செத்தார்கள். அந்தத் தோட்டத்தின் முதலாளி பிரெஞ்சுக்காரர் இல்லை. இந்திய வம்சாவளிக் குடும்பம். ஆணைக்குழு அறிக்கைகளால் முடியாததை இந்தத் துப்பாக்கிச்சூடு எப்படிச் செய்தது, தொழிற்சங்கம் எப்படிப் பிறந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)